தீர்த்தமலைக்குப் போகிறவர் அனுமன் தீர்த்தத்தை விடலாகாது

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள தீர்த்தமலை தீர்த்தகிரீஸ்வரர் கோயிலை, கோபுரத்தின் உயரத்தையும் பிராகாரத்தின் நீளத்தையும் வைத்து மதிப்பிடத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். சோழநாட்டுப் பெருங்கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலைமேல் இருக்கும் கட்டடம் சிறியது. பெரிய மண்டபங்களையும் சிற்பத் தூண்களையும் தேடி வருபவருக்கு இங்கே அதிக வேலை இல்லை. இத்தலத்தின் பெருமை அதன் தண்ணீரில் இருக்கிறது. பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் முதலில் தலை நனைத்து, அதன் பிறகே இறைவன் முன்னால் போய் நிற்பது என்ற வரிசையில் இங்குள்ள வழிபாடு அமைந்திருப்பதால், கோயிலைப் பற்றிய மதிப்பீட்டையும் தண்ணீரிலிருந்தே தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கினால், இந்த வட்டாரத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேறு மலைக்கோயில் இல்லை என்பது என் கருத்து.

தலக்கதையைத் தெரிந்துகொண்டு மலையேறுவது நல்லது. தெரியாமல் ஏறுபவர்கள் இதை ஓர் அருவிக் குளியலாக முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இராவணனைக் கொன்ற பாவம் நீங்குவதற்காக இராமர் இம்மலையில் சிவபூசை செய்ய நினைத்தார் என்றும், பூசைக்கு வேண்டிய கங்கை நீரையும் மலரையும் கொண்டுவரும்படி அனுமனைக் காசிக்கு அனுப்பினார் என்றும், குறித்த நேரத்துக்குள் அனுமன் வந்து சேராததால் அம்பெய்து மலைப்பாறையைத் துளைத்து நீரை வரவழைத்துப் பூசையை முடித்துவிட்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. அந்த நீர்தான் இராமர் தீர்த்தம். பூசை முடிந்த பிறகு வந்து சேர்ந்த அனுமன், தான் பாடுபட்டுக் கொண்டுவந்த நீர் பயன்படாமல் போனதைக் கண்டு சினந்து அதை வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் போய் விழுந்த இடம் அனுமன் தீர்த்தம் ஆயிற்று. அனுமனின் வருத்தத்தைப் போக்குவதற்காக, இங்கு வருகிறவர்கள் முதலில் ஆற்றங்கரையில் உள்ள அனுமன் தீர்த்தத்தில் நீராடி, அதற்குப் பிறகே மலைமேல் உள்ள இராமர் தீர்த்தத்துக்கு வர வேண்டும் என்று இராமரே முறை வகுத்ததாகச் சொல்வார்கள்.

இராமேசுவரத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இது பழகிய கதையாகவே தோன்றும். அங்கேயும் அனுமன்தான் அனுப்பப்படுகிறார். அவர் இலிங்கம் கொண்டுவருவதற்குள் நேரமாகிவிட, சீதை மணலால் பிடித்த இலிங்கத்துக்குப் பூசை நடந்துவிடுகிறது. வந்து பார்த்துச் சினந்த அனுமனைத் தேற்றுவதற்காக, அவர் கொண்டுவந்த விசுவநாதருக்கே முதல் பூசை என்று முறை வைக்கப்படுகிறது. இரண்டு கதைகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஆனால் கடற்கரையில் மணலில் நடந்த அற்புதம் தருமபுரிச் சீமைக்கு வரும்போது தண்ணீரில் நடக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். மழையை நம்பி விதைக்கும் புன்செய்க் காடுகள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு, கடவுளே வந்தாலும் முதலில் தண்ணீருக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதும், அது 2013-இல்தான் பயன்பாட்டுக்கு வந்ததும் நாம் கண்ட வரலாறு. அப்படிப்பட்ட ஊரில் மலைப்பாறையிலிருந்து இடைவிடாமல் ஒழுகும் நல்ல தண்ணீரை மக்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்றால் அதற்குப் புராணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இனி, பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தீர்த்தமலைக்கு வருபவர்களில் மிகுதியானோர் நேராக அடிவாரத்துக்கு வந்து, மலையேறி, இராமர் தீர்த்தத்தில் குளித்து, அர்ச்சனை செய்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அனுமன் தீர்த்தம் அரூர் - ஊத்தங்கரைச் சாலையில் தனியாக இருப்பதால், அதை வேறொரு கோயிலாக எண்ணி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த அனுமன் தீர்த்தம் கிருஷ்ணகிரியோடு போக, இராமர் தீர்த்தம் தருமபுரியில் நின்றுவிட்டது. கதையில் மனத்தாங்கலோடு பிரிந்த இரண்டு தீர்த்தங்களையும் அரசாணை இன்னொரு முறை பிரித்து வைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் தலமுறைப்படி பார்த்தால் இவை இரண்டும் சேர்ந்ததே ஒரு யாத்திரை. ஆற்றில் தொடங்கி மலையில் முடிகிற அந்த ஒழுங்கில் போகும்போதுதான், தாமதமாக வந்தவனின் உழைப்புக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு மேலே ஏறுகிறோம் என்ற பொருள் பிடிபடுகிறது.

அனுமன் தீர்த்தத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், அது பருவத்தைப் பொறுத்தது. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து ஓசூர் வழியாக வரும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, சாத்தனூர் அணைக்குப் போகும் வழியில் இந்த இடத்தைக் கடக்கிறது. மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இங்கே ஆறு ஆறாக இருக்கும். இல்லையென்றால் மணலுக்கும் பாறைக்கும் நடுவில் தேங்கிய குட்டைகள்தான் கிடைக்கும். இதே ஆற்றில் உள்ள ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாவதை அறிந்தவர்கள், கோடையில் தேங்கிய நீரில் முழுகுவதற்குத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்களில் தலையில் தெளித்துக்கொண்டு, கரையில் உள்ள கோயிலில் வணங்கிவிட்டுப் புறப்படுவது போதும், முறை கெட்டுவிடாது.

ஆடிப்பெருக்கு அன்று வந்து பார்த்தால் அனுமன் தீர்த்தத்தின் முகமே வேறு. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கிராம தெய்வங்களைத் தலையில் சுமந்து மேளதாளத்தோடு கொண்டுவந்து ஆற்றில் நீராட்டுகிறார்கள். கோயிலில் வைத்திருக்கும் கத்தி, வேல், சூலம் முதலியவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள். ஆற்றோரத்தில் ஏழு கற்களை நட்டு, மஞ்சள் குங்குமம் இட்டுக் கன்னிமாரை வணங்கும் குடும்பங்களும், தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் புதுப்பெண்களும் கரை முழுவதும் இருப்பார்கள். அரூரை அடுத்த டி.அம்மாப்பேட்டையிலும் அன்று இதே காட்சிதான். புராணத்து அனுமன் தீர்த்தத்துக்கும் ஊர்த்தெய்வங்களின் ஆற்றுநீராட்டுக்கும் தலவரலாற்றில் எந்தத் தொடர்பும் சொல்லப்படவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கரையில் ஒன்றையொன்று இடையூறு செய்யாமல் நடப்பதைப் பார்க்க விரும்புபவர், நெரிசலைப் பொறுத்துக்கொண்டாவது ஆடி 18-இல் வர வேண்டும். அமைதி தேடுபவர் அந்த நாளைத் தவிர்த்துவிடலாம்.

மலையேற்றம் நடுத்தரமானது. ஜவ்வாது மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட வெளியில் தனித்து எழும்பியிருக்கும் இந்த மலையின் நடுப்பகுதி வரை ஏறினால் கோயிலை அடையலாம்; உச்சிவரை போக வேண்டியதில்லை. நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு, அங்கங்கே அமர்ந்து ஏறுவது நல்லது. வழியில் சில பகுதிகள் நிழலாக இருந்தாலும், வெயில் ஏறிய பிறகு கல் சுடும். செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏற நேர்ந்துகொண்டவர்கள் பொழுது விடிந்த கையோடு புறப்பட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேலே போகப் போகக் கீழே மரவள்ளியும் கரும்பும் மஞ்சளும் விளையும் அரூர்ப் பக்கத்து நிலம் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏறுகிற களைப்புக்குப் போதுமான கூலி.

மலைமேல் உள்ள தீர்த்தங்களில் இராமர் தீர்த்தமே தலையானது. செங்குத்தான பாறையின் மேலிருந்து, ஏறத்தாழ முப்பது அடி உயரத்திலிருந்து அது விழுகிறது. ஒகேனக்கல்லைப் போல இரைந்து கொட்டும் அருவியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. இங்கே விழுவது மெல்லிய தாரை. காற்று வீசினால் அது சிதறிச் சாரலாகிவிடும். கீழே நின்று தலையைக் காட்டிக்கொண்டு, தாரை தம் மேல் விழும் வரை பொறுத்திருப்பதுதான் குளியல். சுற்றிலும் வறண்டு கிடக்கும் மாதங்களிலும் இது வற்றுவதில்லை என்பதைத்தான் இந்த வட்டாரத்தார் அதிசயமாகச் சொல்கிறார்கள். நிலவியல் முறையில் யோசித்தால், மழைக்காலத்தில் பாறையின் பிளவுகளுக்குள் இறங்கித் தங்கிய நீர் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கசிந்து வெளிவருகிறது என்று விளக்கிவிடலாம். இந்த விளக்கத்தைக் கேட்டும் தலைநனைக்க வரிசையில் நிற்கும் கூட்டம் குறைவதில்லை, குறையவும் வேண்டியதில்லை.

இராமர் தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவை சிறிய சுனைகள். விசாரித்துக்கொண்டு போகாவிட்டால் கண்ணில் படாமலே போய்விடும். தேவர் படைக்குத் தலைமை ஏற்கும் முன் முருகன் வழிபட்ட இடம் குமார தீர்த்தம் என்றும், இறைவனின் இடப்பாகத்தை வேண்டி அம்மை தவமிருந்த இடம் கௌரி தீர்த்தம் என்றும் சொல்வார்கள். அகத்தியர் தீர்த்தத்து நீரைப் பருகினால் வயிற்றுக் கோளாறு தீரும் என்பது இப்பகுதியில் வலுவான நம்பிக்கை. பாட்டில்களிலும் சிறு குடங்களிலும் நிரப்பி வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் பலர். நம்பிக்கையை நம்பிக்கையாகவே வைத்துக்கொண்டு, நோய்க்கு மருத்துவரையும் பார்ப்பது விவேகம் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏறிய களைப்பில் குடிக்கும் அந்த ஒரு கை நீரின் குளிர்ச்சிக்கு யாருடைய சான்றும் தேவையில்லை.

கருவறையில் தீர்த்தகிரீஸ்வரர் சிறிய இலிங்கத் திருமேனியராகக் காட்சி தருகிறார். அம்மையின் திருநாமம் வடிவாம்பிகை. ஈரத்தலையோடு கருவறை முன் நிற்கும்போது, கூட்டம் இல்லாத நாளாக இருந்தால், தீபாராதனையை அவசரமில்லாமல் பார்க்க முடியும். பெரிய தலங்களில் இன்று பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத வசதி அது. பிள்ளையாரும் முருகனும் உடன் இருக்கிறார்கள். முருகனைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விடக் கூடாது. திருவண்ணாமலையைச் சேர்ந்தவரான அருணகிரிநாதர் இத்தலத்துக்கும் திருப்புகழ் பாடியிருக்கிறார். பக்கத்தில் உள்ள அண்ணாமலையின் பேரொளியில் தீர்த்தமலை மங்கிப் போனாலும், 15ஆம் நூற்றாண்டிலேயே பாடலுக்கு உரிய தலமாக இது விளங்கியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. திருப்புகழ் பாடத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல முடிந்தால் முருகன் சன்னிதியில் அந்தப் பாடலைக் கேட்கும் வாய்ப்பு கிடைக்கும்.

அடிவாரக் கோயிலைப் பலர் காலணி விடும் இடமாக மட்டும் பயன்படுத்துவது வருத்தத்துக்குரியது. மலையேற இயலாத முதியவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் இங்கேயே சுவாமியையும் அம்மனையும் வணங்கித் திரும்பலாம். அதில் குறையொன்றும் இல்லை. தீர்த்தமலையில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள், தகடூர் அதியமான்களுக்குப் பிறகு நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் என்று கை மாறிக்கொண்டே வந்து, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, அன்று பாரா மகால் எனப்பட்ட பகுதியோடு சேர்ந்து ஆங்கிலேயர் கைக்குப் போன இந்த நிலத்தில், சோழர் காலத்திலேயே இந்த மலை வழிபாட்டில் இருந்ததைக் காட்டுகின்றன. கல்வெட்டுகளுக்கு அருகே, அவற்றில் உள்ள செய்தியைப் பொதுமக்களுக்குப் புரியும் தமிழில் சுருக்கமாக எழுதி வைப்பது இன்றியமையாத தேவை. எழுத்து தெரிந்தும் படிக்க முடியாமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த எண்ணம் வராமல் இருக்காது.

மாசி மாதத்துப் பெருவிழாதான் இங்கே பெரிய திருவிழா. மாசி மகத்தை ஒட்டி அடிவாரத்தில் தேர் ஓடும். அரூர் வட்டத்து ஊர்களிலிருந்தும் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மொட்டையடித்தல், காதுகுத்து, பொங்கல் என வேண்டுதல்கள் நிறைவேறும் நாட்களும் அவையே. ஊரின் முகத்தைப் பார்க்க விரும்புபவருக்குத் தேர் நாள். தண்ணீரை அனுபவிக்க விரும்புபவருக்கு அந்த நாள் கூடாது. இராமர் தீர்த்தத்தின் மெல்லிய தாரைக்குக் கீழே நூறு பேர் நெருக்கியடித்து நின்றால் யாருக்கும் தலை நனையாது.

குறைகளைச் சொல்வதானால் பெரும்பாலும் அவை நம்மவர்களாலேயே வருகின்றன. தீர்த்தத்துக்கு அருகில் சோப்பும் ஷாம்பு உறையும் போடுவது, குளித்த துணியைப் பாவம் தொலைந்ததென்று அங்கேயே அவிழ்த்துவிட்டு வருவது, குடித்த பாட்டிலைப் பாறை இடுக்கில் செருகுவது ஆகிய மூன்றும் இன்னும் நிற்கவில்லை. பாறையிலிருந்து விழும் நீரின் தூய்மையைத் தேடித்தான் இத்தனை படி ஏறி வருகிறோம் என்பது, அந்த நீர் விழும் இடத்திலேயே மறந்து போகிறது. பாவத்தைத் தொலைக்கத் துணியை விட்டே ஆக வேண்டும் என்று தலபுராணம் எங்கும் கேட்டதாகத் தெரியவில்லை. குரங்குகள் வேறு, பையில் தேங்காயும் பழமும் இருப்பதை நம்மைவிட முன்னதாக அறிந்துகொள்ளும். அர்ச்சனைத் தட்டை வெளியே தெரியாமல் துணிப்பைக்குள் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றுக்குத் தின்பண்டம் போட்டுப் பழக்குபவர்களால்தான் பின்னால் வருபவர்கள் அவதிப்படுகிறார்கள்.

செல்ல உகந்த காலம் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு தொடங்கிப் பங்குனி வரை. மழை கொட்டும் நாட்களில் பாறையும் படியும் வழுக்கும். ஆற்றிலும் திடீரென்று வெள்ளம் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை நினைவில் வைத்திருப்பவர்கள், வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் அனுமன் தீர்த்தத்துப் படித்துறையில் இறங்க மாட்டார்கள்.

பேருந்தில் வருபவர்கள் அரூரை மையமாக வைத்துக்கொள்வது வசதி. அங்கிருந்து தீர்த்தமலைக்கும், ஊத்தங்கரைச் சாலையில் அனுமன் தீர்த்தத்துக்கும் தனித்தனியாகப் பேருந்து பிடிக்கலாம். ஊத்தங்கரை வழியாக வருபவர்களுக்கு அனுமன் தீர்த்தம் முதலில் வந்துவிடுவதால் தலமுறை தானாகவே அமைந்துவிடும். சொந்த வண்டி உள்ளவர்கள் விடியற்காலையில் ஆற்றில் தொடங்கினால், வெயில் ஏறுவதற்குள் மலைமேல் போய்ச் சேர்ந்துவிடலாம். மாற்றுத்துணி ஒன்று, துண்டு ஒன்று, குடிநீர், திரும்பும்போது தீர்த்தம் எடுத்துவர மூடியுள்ள ஒரு பாத்திரம் ஆகியவை போதும். மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு வந்து அடிவாரத்து மர நிழலில் உண்பதோ, அரூருக்குத் திரும்பிச் சாப்பிடுவதோ நல்லது. மேலே சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். மாலையில் ஏறுகிறவர்கள் பொழுது சாய்வதற்கு முன் இறங்கிவிடும்படி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.